மழைமானிக்குப் பால் ஊற்றிய ஜூலை

மழை அளக்கும் வேலை என்பது பெரும்பாலும் 'இல்லை' என்று எழுதும் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில், கணக்கெழுதும் கிராணி வேலையோடு அதுவும் என் தலையில் விழுந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு ஆபீசுக்குப் பின்னால், கம்பிவேலிக்குள் இருந்த மழைமானியைத் திறந்து பார்க்க வேண்டும். மழை வராவிட்டால் அளக்கிறவனுக்குத்தான் திட்டு. வானத்தை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளை மழை

அந்த ஜூலையில் மூன்று வாரம் தொடர்ந்து 'இல்லை' எழுதினேன். நர்சரியில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கன்றுகள் ஓலை சுருங்கி நின்றன. தண்ணீர் இறைக்கும் வாய்க்கால் வற்றிப் போனது. கன்றுகள் பட்டுப்போனால் நர்சரியை மூடிவிட்டு, அங்கே வேலை செய்த பன்னிரண்டு பெண்களையும் வேறு வேறு டிவிஷனுக்குப் பிரித்து அனுப்பப் போவதாக மேனேஜர் துரை சொல்லிவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மானியைத் திறந்தால் உள்ளே பால். விளிம்பில் குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ. நர்சரிப் பெண்களுக்கு மூத்தவளான அஞ்சலையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் அசரவே இல்லை.

"தெனமும் காலையில குளிச்சிட்டு வந்து, வேலிக் கதவத் தொறந்து, குனிஞ்சு நிக்கிறீங்க. சாமின்னு நெனைக்காம வேற என்னன்னு நெனைப்பேன், கிராணியய்யா?"

கடைசிப் பந்தி

அந்த வாரம் டவுனில் காதர் பாய் கடையில் டீ குடித்தபோது, பழைய புவியியல் பாடப்புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். தென்மேற்குக் காற்று கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டுதான் புறப்படுகிறது. வழியில் சுமத்ரா மலைகள். ஏறும்போது குளிர்ந்து, பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடுகிறது. இறங்கி நம் பக்கம் வருவது மிச்சம்தான்.

பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார். தமிழ்நாட்டுக் கீழைக் கரையோரம் அவர் ஊர். அங்கேயும் இதே காற்று மலையாளத்துப் பக்கம் கொட்டிவிட்டு, காய்ந்துதான் வந்து சேருமாம்.

"கடல் தாண்டி வந்தும் நமக்குக் கடைசிப் பந்திதானா? ரசமாவது மிஞ்சுமா, கிராணி?"

மிஞ்சிய ரசம்

மிஞ்சும் என்றுதான் புத்தகம் சொன்னது. மலைக்கும் நமக்கும் நடுவே மலாக்கா நீரிணை இருக்கிறது. அதன்மேல் காற்று மறுபடி ஈரம் சேர்க்கும். சில நாள் விடியுமுன் மேகச் சுவராகக் கரையேறும். என்றைக்கு என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நர்சரித் தொட்டியில் இரண்டு நாள் தண்ணீர்தான் இருந்தது. அதை ஆறு நாளுக்கு இழுக்கச் சொன்னேன், கன்றுக்கு ஒரு பால்டின் அளவு. அடி ஓலைகள் காயக் காய, பெண்கள் என்னைப் பேசாத பேச்சில்லை.

ஐந்தாம் நாள், விடியலில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்றபோது, கடல் பக்கமிருந்து சில்லென்று ஒரு காற்று வந்தது. திரும்பினால் வானம் கறுத்து நிற்கிறது. ஒரு மணி நேரம் ஊற்றித் தள்ளியது. மழை விட்டதும் துரை நர்சரியைச் சுற்றி வந்தார். குருத்துகள் பச்சையாகவே நின்றன. மூடும் பேச்சை அவர் எடுக்கவில்லை. நான் மானியைத் திறக்கப் போனேன். அஞ்சலை சொட்டச் சொட்ட வேலியோரம் வந்து நின்றாள்.

"ஊத்துனதுதான் நானு. பாலு குடுத்தது உங்க வீட்டம்மாதான்லா! போயி மொதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க."

அஞ்சலை போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. இத்தனை காலம் மழையை அளந்தவன் நானாக இருந்தாலும், அதை வரவழைத்தவள் என்ற பெயர் இன்றும் அந்த எஸ்டேட்டில் என் மனைவிக்குத்தான்.