கறுப்பு வண்டியும் கோமதியின் பெயரும்

கோமதி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, ராஜபாளையத்தில் ஒரு பஞ்சர் கடையில் என் மருமகனின் வண்டியைக் காற்று அடிக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். எங்களோடு வாஷிங் பிரிவில் வேலை பார்த்த ராமர்தான் போனில் சொன்னான். "அண்ணாச்சி, நம்ம பெயின்ட் கோமதி இல்லாம போயிட்டாவ. நெஞ்சு வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காவ. வழியிலேயே முடிஞ்சு போச்சு." கடைக்காரர் "போதுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். எதைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மாலையில் அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலில் ஷோரூமின் பழைய ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பேச்சு அவருடைய கையைப் பற்றித்தான். ஒருவர் சொன்னார்: "தங்கமான கை. அந்தக் கறுப்பு வண்டி ஒண்ணுலதான் சறுக்கிட்டா." மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பதினாறாம் நாளுக்கு நீங்கள் எல்லோரும் மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவீர்கள். அதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அந்த வண்டியில் சறுக்கியது கோமதி இல்லை. நான்.

எங்களை அறியாதவர்களுக்காக நாலு வார்த்தை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சாலையோரத்தில் இருந்த ஒரு கார் ஷோரூமில் வேலை பார்த்தோம். சீட் கவர், கால்மிதி, டேஷ்போர்டு பிள்ளையார், பெயின்ட்டைக் காப்பாற்றும் பாலிஷ் எல்லாம் விற்பது என் வேலை. வாயை வைத்துப் பிழைத்தவன் நான். லாரியிலிருந்து இறங்கும் புது வண்டிகளின் பெயின்ட்டைச் சோதித்து, நான் விற்ற பாலிஷைப் பூசுவது கோமதியின் வேலை. என்னைவிட ஏழு வயது இளையவர். எனக்கு அவர் கோமதியம்மா, அவருக்கு நான் அண்ணாச்சி.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி ஒரு புது வண்டியின் பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "என்னம்மா, வண்டிக்குப் பேய் ஓட்டுதியா?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வெறுங்கையால ஒரு தடவை தடவுங்க அண்ணாச்சி. பொறவு இந்தப் பைக்குள்ள கையை விட்டுத் தடவுங்க" என்றார். வெறுங்கைக்குக் கண்ணாடி போல வழுவழுவென்று இருந்தது. பைக்குள் கையை விட்டால் அதே இடம் ரவையைக் கொட்டி வைத்தது போல நெருநெருத்தது. "வாற வழியில ஒட்டுன தூசி அம்புட்டும் இதுல இருக்கு. இதுக்கு மேல பாலிஷ் போட்டா அழுக்கைப் பத்திரமா மூடி வச்ச மாதிரி" என்றார். களிமண் போன்ற ஒரு கட்டியைப் பிசைந்து, சோப்புத் தண்ணீர் விட்டு, பானெட் முழுக்க உருட்டி எடுத்தார். வெள்ளைக் கட்டி சாம்பல் நிறமாகிவிட்டது. அதுவரை எத்தனையோ வண்டிகளைப் பார்த்துப் பளபளப்பு என்று பேசியவன் நான். அன்றைக்கு அந்தப் பையை நானே வாங்கி, அடுத்த வண்டியையும் தடவிப் பார்த்தேன்.

ஆனால் பிரமிப்பு வேறு, வயிற்றெரிச்சல் வேறு. யார் வந்தாலும் பெயின்ட் மேல் கண்ணாடி போல இறுகும், விலை கூடிய செராமிக் கோட்டிங்கைத்தான் தலையில் கட்டப் பார்ப்பேன். கோமதி குறுக்கே வந்து, "வண்டி பகல்ல எங்க நிக்கும்?" என்று கேட்பார். வ. புதுப்பட்டியிலிருந்து வந்த விவசாயி ஒருவர், தோப்பில் மாமரத்தடியில் நிற்கும் என்றார். "மாமரம் பூக்குற காலத்துல மேல பிசுபிசுன்னு சொட்டும் ஐயா. அது காஞ்சா எந்தக் கோட்டிங்கும் சும்மா இருக்காது. வெலை கொறஞ்ச சீலன்ட் பூச்சு போட்டுக்கோங்க, வாரம் ஒருக்கா தண்ணி விட்டுக் கழுவுங்க. கழுவ முடியாதுன்னா வண்டியைத் தள்ளி நிறுத்துங்க, அதுக்குச் செலவே இல்ல" என்றார். என் கண் முன்னாலேயே வியாபாரம் பாதியாகச் சுருங்கியது.

கிருஷ்ணன்கோவில் டீச்சரம்மா விஷயம் அதைவிட மோசம். வெள்ளை வண்டி. வீட்டிலும் ஷெட், வேலை செய்யும் இடத்திலும் ஷெட். நான் அரை மணி நேரம் பேசிப் பழுக்க வைத்திருந்தேன். கோமதி வந்து, "டீச்சர், உங்களுக்கு ஒரு டப்பா மெழுகு பாலிஷ் போதும். சீக்கிரம் போயிரும், ஆனா நீங்களே பூசிக்கிடலாம்" என்று துணியைக் கையில் கொடுத்து, வட்டமாகத் தேய்க்கக்கூடாது, நேர்கோட்டில் இழுக்க வேண்டும் என்று சொல்லியும் கொடுத்துவிட்டார். டீச்சரம்மா போனதும், "ஏம்மா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடுதியே, இது நியாயமா?" என்று கேட்டேன். "பெயின்ட்டைக் காப்பாத்துறது பாதிதான் அண்ணாச்சி டப்பாவுல இருக்கு. மீதி அவிய பழக்கத்துல இருக்கு. பழக்கத்தைக் கேக்காம டப்பாவை எப்படிக் குடுக்க?" என்றார். அந்த டீச்சரம்மா பிறகு தன்னோடு வேலை பார்க்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் கோமதி எங்கே என்றுதான் கேட்டார்கள்.

பழக்கம் என்று அவர் சொன்னதில் முக்கியமானது பூஜை. நம் பக்கம் புது வண்டி என்றால் கோயிலுக்குப் போகாமல் ஓடாது. பானெட்டில் சந்தனத்தைக் குழைத்து இழுத்து, நடுவில் குங்குமம் வைப்பார்கள். வைத்ததை யாரும் துடைக்க மாட்டார்கள். குங்குமத்தைக் கையால் அழிக்க எந்த வீட்டில் மனசு வரும்? மழை வந்து தானாகப் போகட்டும் என்று விடுவார்கள். நம் ஊர் மழை எப்போது வர? குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கின்றன. வெயிலில் காய்ந்து பெயின்ட்டுக்குள் இறங்கிவிடும். புதிதாகப் போட்ட கோட்டிங் இறுகுவதற்குள் பட்டால் இன்னும் மோசம். அதனால் கோமதிக்கு ஒரு சட்டம் உண்டு: முதலில் பூஜை, அப்புறம்தான் பாலிஷ். பூஜை முடிந்து வரும் வண்டியில் முதலில் முன்கண்ணாடியின் ஓரத்தில் புதிதாக ஒரு குங்குமம் வைப்பார். "சாமி எங்கேயும் போகல, இடம் மாறி உக்காந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு, ஈரப்பஞ்சால் பானெட்டைத் துடைப்பார். யாரும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை. எந்தக் கம்பெனி பயிற்சியிலும் இதைச் சொல்லித் தரவில்லை. அவராகக் கண்டுபிடித்தது.

இனி கறுப்பு வண்டி. ஏழு வருஷம் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் வெள்ளிக்கிழமை வண்டி எடுத்தார். திங்கட்கிழமை கோட்டிங் போட வந்தார். பேச்சுவாக்கில், "மூத்தவன் லீவுல நாளைக்கு வாரான். புதன்கிழமை அய்யனார் கோவில்ல பூஜை" என்றார். அது மாசக் கடைசி. எனக்கு டார்கெட் முடியவில்லை. பூஜை முடிந்து வாருங்கள் என்று அனுப்பினால் அடுத்த மாசம் ஆகிவிடும். அதற்குள் அவர் கோமதியிடம் பேசினால் சீலன்ட்டுக்கு இறங்கிவிடுவார். வண்டியை உள்ளே அனுப்பினேன். கோமதி கேட்டார்: "பூஜை முடிஞ்சிருச்சா அண்ணாச்சி?" நான் சொன்னேன்: "முடிஞ்சிருச்சும்மா." செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வண்டியைக் கொடுக்கும்போது, "ஒரு வாரத்துக்கு வண்டி மேல எதுவும் படக்கூடாதுன்னு மறக்காம சொல்லிருங்க" என்றார். அதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் பிறகு ஏன் இப்போது போட்டாய் என்று சுபேதார் கேட்பாரே.

அடுத்த வாரம் சுபேதார் வந்தார். பானெட்டில் மூன்று கோடும் நடுவில் ஒரு பொட்டும் வெளிறிப்போய்ப் பதிந்திருந்தன. அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, இதுல எதுவும் ஒட்டாதுன்னு சொன்னிய. சாமி ஒட்டிக்கிட்டாரு" என்றார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். இல்லாததைச் சொல்லி விற்கிறேன் என்று எனக்கு முன்பே இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. மூன்றாவது வந்தால் வீட்டுக்குத்தான். என் மகள் அப்போது காலேஜில் கடைசி வருஷம். "பூஜை முடிஞ்சுதான்னு கேக்காம யார் போட்டது?" என்றார் மேனேஜர். நான் வாயைத் திறந்தேன். எதைச் சொல்லத் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது. அதற்குள் கோமதி சொன்னார்: "நான் கேக்கல சார். அவசரத்துல போட்டுட்டேன். என் தப்பு." வாழ்க்கையில் ஒரு வண்டியைக்கூட அவசரமாகத் தொடாதவர். ஷோரூமில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் நம்பினார்கள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வண்டியை அவர் சரிசெய்த இரண்டு நாளும் என் கண்ணிலேயே நிற்கிறது. மேல்காற்று வீசும் காலம். மில் பக்கத்திலிருந்து பஞ்சு பறந்து வந்து ஒட்டக்கூடாது என்று கதவை அடைத்து, தரையை நனைத்து வைத்தார். சின்ன மீட்டரை வைத்துச் சாண் சாணாகப் பெயின்ட்டின் கனத்தை அளந்தார். பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கும் மெஷினை ஓட்டினார். பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைவிடக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதே சரி. மெஷினின் இரைச்சல் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டது. அவர் மட்டும் திடீரென்று நிறுத்துவார். "சத்தம் மாறுது. இதுக்கு மேல தேய்ச்சா பெயின்ட் தீஞ்சிரும்" என்பார். தொட்டுப் பார்த்தால் அந்த இடம் சுடும். இரண்டாம் நாள் மாலை பானெட் கிணற்றுத் தண்ணீர் போலக் கறுத்துத் தெளிந்து கிடந்தது. மனிதக் கையால் இது முடியுமா என்று நான் மலைத்து நின்றேன்.

சுபேதார் வந்து, பானெட்டில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார். அதோடு விட்டிருக்கலாம். கோமதி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மயிரிழை போல மிஞ்சியிருந்த ஒரு கோட்டைத் தானாகவே காட்டினார். "இது ஒண்ணு போகல ஐயா. எடுத்தா பெயின்ட்டும் சேர்ந்து போயிரும்." சுபேதார் குனிந்து பார்த்தார். "இருக்கட்டும்மா. அது அவரோடது" என்றார்.

இதற்குக் கோமதி கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும், காரணம் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகத் திறந்த கிளையில் பெயின்ட் பிரிவின் பொறுப்பு அவருக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். அது வேறொருவருக்குப் போனது இந்தக் கறுப்பு வண்டியால்தான். மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்த அன்றைக்கே அவரிடம் போய், ஏம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "உங்க மக படிச்சு முடிக்கட்டும் அண்ணாச்சி. எனக்கு இந்தக் கைக்கு எங்க போனாலும் வேலை கெடைக்கும். உங்க வாய்க்கு இதை விட்டா எவன் குடுப்பான்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு மட்டும். இனிமே நான் கேட்டா உள்ளதைச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் உள்ளதைத்தான் சொன்னேன். அவர் கேட்காத அந்த ஒன்றை, கறுப்பு வண்டியில் தப்பு என்னுடையது என்பதை மட்டும், யாரிடமும் சொல்லவில்லை. மகள் படித்து முடித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆயிற்று. வெட்கம் ஒரு பக்கம், சௌகரியம் ஒரு பக்கம். சௌகரியம்தான் கூடுதல் என்று இப்போது தெரிகிறது.

இறுதிச் சடங்கு முடிந்த மூன்றாம் நாள் அவர் கணவர் மாடசாமியைப் பார்க்கப் போனேன். மினி பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கே சொல்லிட்டா" என்றார்.

"அப்புறம் ஏன் ஒருத்தர்ட்டயும் சொல்லாம இருந்திய?"

"அவதான் சொல்லப்படாதுன்னுட்டா. அண்ணாச்சியே ஒருநாள் சொல்லிருவாருன்னா." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போன வருஷம் நீங்க ரிட்டயர் ஆன அன்னைக்கு, கூட்டத்துல பேசுனியள்ல. அதுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு முன்வரிசையில வந்து உக்காந்தா. இன்னைக்குச் சொல்லிருவாருன்னு நெனச்சுத்தான் வந்தா."

அன்றைக்கு நான் பத்து நிமிஷம் பேசினேன். எல்லோரையும் சிரிக்க வைத்தேன். கோமதியும் கைதட்டினார். அந்த முகத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன், வேறொன்றும் மனசில் ஓட மாட்டேன் என்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய வேலை நுணுக்கம் எதையும் அல்ல, அதற்கு எனக்குக் கையும் இல்லை, தகுதியும் இல்லை. இவன் உண்மையைச் சொல்லக்கூடியவன்தான் என்று ஒருவர் ஏழு வருஷம் என்னை நம்பிக் காத்திருந்தார். அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்கிறேன். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களிடம் சொல்கிறேன். கறுப்பு வண்டியில் தப்பு செய்தவன் சண்முகவேல். கோமதி என்னிடம் கேட்டார். நான் பொய் சொன்னேன்.