சட்டைக் காலரில் ஒரு மூட்டைப்பூச்சி

மூட்டைப்பூச்சி இருக்கும் வீட்டுக்காரர்களைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடலாம். உட்காருவதற்கு முன் நாற்காலியை ஒரு நோட்டம் விடுவார்கள். வந்தவர் முதுகைச் சொறிந்தால் பேச்சை வேறு பக்கம் திருப்புவார்கள். அந்தப் பங்குனியில் நாங்கள் நான்கு பேரும் அப்படித்தான் இருந்தோம்.

தொண்ணூறுகளின் பின்பாதி. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரே வாசலுக்குள் மூன்று போர்ஷன் இருந்த வீட்டில் நடுப் போர்ஷன் எங்களுடையது. அப்பா மின்சார ரயிலில் தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய்வந்தார். அக்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்றில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடம் போகும் பெண். ரயில் சீட்டிலிருந்து அப்பாவின் பேன்ட்டில் தொற்றிக்கொண்டு வந்ததுதான் பூச்சி என்பது அம்மாவின் கட்சி. பழைய சாமான் கடையில் வாங்கிய கட்டிலோடு வந்தது என்பது அக்காவின் கட்சி. அப்பாவுக்குக் கட்சியே கிடையாது. பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

பனிக்காலத்தில் ஒன்றிரண்டு என்று இருந்தது, மாசி போய் வெயில் உறைக்க ஆரம்பித்ததும் பெருகித் தொலைத்தது. அம்மா ஒருத்தியாகவே சண்டை போட்டாள். கட்டிலைப் புழக்கடை வெயிலில் நிமிர்த்தி வைத்து, பொருத்துகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவாள். ரேஷன் மண்ணெண்ணெயை ஊசி போடும் சிரிஞ்சில் உறிஞ்சி, ஆணி ஓட்டைகளில் பீய்ச்சுவாள். தலையணைத் தையலை விளக்குமாற்றுக் குச்சியால் நெம்பி நெம்பிப் பார்ப்பாள். எத்தனை செத்தாலும் மறுநாள் காலையில் சுவரில் நசுக்கித் தேய்த்த தடம் புதிதாகக் கோடு கோடாக இருக்கும். எல்லாம் எங்கள் ரத்தம்தான். நசுக்கினால் எழுகிற நாற்றத்தை விவரிக்க எனக்குத் தெரியாது. அனுபவித்தவர்களுக்கு விவரிக்கத் தேவையும் இல்லை.

இத்தனைக்கும் விஷயம் வெளியே போகக் கூடாது. "எதுக்குக் கட்டில வெயில்ல போட்டுக்கீறீங்கன்னு பக்கத்து வூட்ல கேட்டா, கரையான்னு சொல்லு" என்று அம்மா எனக்குப் பாடம் பண்ணி வைத்திருந்தாள். கரையான் கௌரவமான பூச்சி. யார் வீட்டுக்கும் வரலாம். மூட்டைப்பூச்சி என்றால் குடும்பத்தையே ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் தரகர் ஓர் இடம் கொண்டுவந்தார். திருப்போரூர்க்காரர்கள், பையன் நல்ல வேலையில் இருக்கிறான், வரும் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். அக்காவுக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. அதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று போனவர்கள். இன்னும் கலந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள் போலும்.

அக்கா தலை வாரிக்கொண்டே சொன்னாள். "இதான் கடைசி. இவங்களும் வந்து துன்னுட்டுப் போயிட்டா, இனிமே எவன் எதிர்லயும் காபித் தட்ட ஏந்திகினு வந்து நிக்க மாட்டேன். எனக்குக் கல்யாணமே வாணாம்."

கோபத்தில் சொல்லியிருந்தால் அம்மா பயந்திருக்க மாட்டாள். அக்கா சாதாரணமாகச் சொன்னாள். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டது எதுவும் கிடையாது. அன்றிலிருந்து ஞாயிறு வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பூச்சியால் பெண்ணின் வாழ்க்கை போய்விடுமோ என்ற பயம் அவளைத் தின்றது.

அம்மா திட்டம் போட்டாள். மரச்சாமான் ஒன்றுகூட முன்அறையில் இருக்கக் கூடாது. கட்டில், பெஞ்சு, அப்பாவின் கை வைத்த கட்டை நாற்காலி எல்லாம் புழக்கடைக்குப் போயின. அந்த நாற்காலிதான் பூச்சிகளுக்குத் தலைமைச் செயலகம். பிரம்புப் பின்னலின் ஒவ்வோர் ஓட்டையிலும் குடும்பம் குடும்பமாக இருந்தன. அதன் மேல் சாக்கைப் போட்டு மூடினாள். பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கேட்டு வாங்கிப் போட்டோம். பிளாஸ்டிக்கில் பூச்சி அண்டாது. மண்ணெண்ணெய் வாசனையை மறைக்க அவள் போட்ட சாம்பிராணிப் புகையில் எங்களுக்கே கண் எரிந்தது.

நான்கு மணிக்கு வந்தார்கள். பையன், அவன் அம்மா, அவன் அப்பா, கூடவே தரகர். பையனின் அப்பா நல்ல ஆகிருதி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு கையால் அமுக்கிப் பார்த்தார். அது நெளிந்தது.

"இது நமக்குத் தாங்காதும்மா. போன மாசம் ஒரு கல்யாணத்துல ஒக்காந்தேன், காலை விரிச்சிடுச்சி. கட்டை நாற்காலி எதுனா கீதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் புழக்கடைக் கதவு திறந்திருந்தது. சாக்குக்கு அடியில் நாற்காலியின் நான்கு கால்களும் நன்றாகத் தெரிந்தன. அவரும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தவிர, மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கு நாக்கு வரும்? அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் தோள் துண்டால் துடைத்துப் போட்டார். அந்த மனிதர் "அப்பாடா" என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. பையனின் அம்மா எதையோ கேட்டார்கள், தரகர் எதற்கோ சிரித்தார். என் கண் அந்த வெள்ளைச் சட்டையை விட்டு நகரவில்லை. உடம்புச் சூடு பட்டால் பூச்சிகள் வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். கேசரித் தட்டு காலியாவதற்குள் ஒன்று வந்தேவிட்டது.

அவர் முதுகுப் பக்கமிருந்து தோளுக்கு ஏறியது. கொழுத்த பூச்சி, எங்கள் வீட்டுச் சாப்பாடு. தோள் தையலில் கொஞ்சம் நின்றது. காலரைப் பார்த்து நகர்ந்தது. நான் பஜ்ஜித் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். குனிகிற சாக்கில் தாவணி முனையால் தட்டிவிட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவர் சட்டென்று திரும்பி, "போதும் கண்ணு" என்றார். நான் பின்வாங்கிவிட்டேன். பூச்சி காலர் மேல் ஏறிவிட்டது.

அப்போதுதான் கவனித்தேன், பார்த்தது நான் மட்டும் இல்லை. பையன் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். கையை நீட்டினால் எட்டும் தூரம். பஜ்ஜியை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. கண் காலரில் நிலைத்தது. பிறகு பார்வையைத் தட்டுக்கு இறக்கி, பரீட்சை எழுதுகிற கவனத்தோடு பஜ்ஜியைச் சாப்பிட ஆரம்பித்தான். எதிரே அப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிமிடம் அக்கா காபித் தட்டோடு வந்தாள். ஐயோ, இப்போதா என்று எனக்குள் கத்தினேன். முதல் காபியைப் பெரியவருக்குத்தான் கொடுக்க வேண்டும். குனிந்தாள். பூச்சி காலர் விளிம்பிலிருந்து கழுத்துத் தோலில் கால் வைத்தது.

அக்கா தட்டைத் தரையில் வைத்தாள்.

"அசையாதீங்க. கழுத்துல மூட்டைப்பூச்சி."

இரண்டு விரலால் அதைக் கிள்ளி எடுத்து, பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரில் போட்டாள். "இந்த நாற்காலிலதான் கீது. எங்க வூடு முழுக்கவே கீது. ஒரு மாசமா அடிச்சிகினு கீறோம், போவ மாட்டேங்குது. நீங்க பிளாஸ்டிக்குலயே ஒக்காருங்க. ரெண்ட ஒண்ணா அடுக்கிப் போடறேன், தாங்கும்."

பையனின் அம்மா எழுந்து தன் புடவையை உதறினார்கள். பெரியவர் டம்ளரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து, அடுக்கிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். அது தாங்கியது. காபியைக் குடித்தார்கள். "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார்கள். போனார்கள்.

அம்மா அழுத அழுகையும் திட்டிய திட்டும் மூன்று போர்ஷனுக்கும் கேட்டிருக்கும். கரையான் கதையெல்லாம் அன்றோடு முடிந்தது. "வாய அடக்கிகினு இருந்தா இன்னாடி? உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுகினியே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புழக்கடையில் வைத்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினாள்.

அடுத்த வாரம் தரகர் வந்தார். வரும்போதே முகமெல்லாம் பல். "அவங்களுக்குப் பூரண சம்மதம். 'பொண்ணு மறைக்காம பேசுச்சி, இந்த மாதிரிப் பொண்ணுதான் நம்ம வூட்டுக்கு வேணும்'னு பெரியவரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. சித்திரையிலயே வச்சிக்கலாமான்னு கேட்டுகினு வரச் சொன்னாரு."

அம்மா சமையலறைக்குள் ஓடிவந்து அக்காவின் முகத்தைத் தடவினாள். எனக்கும் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அப்பாவும் பின்னாலேயே வந்து நின்றார்.

"எனக்கு வாணாம்மா" என்றாள் அக்கா.

அம்மாவுக்குப் புரியவில்லை.

"அவங்க அப்பா கழுத்துல ஏறுது. பக்கத்துல ஒக்காந்துகினு பாத்தாரு. பாத்துட்டு பஜ்ஜி துன்னாரு. நான் உள்ள வரும்போதே பாத்தேன்."

"மரியாதைக்குச் சும்மா இருந்திருப்பாருடி. வந்த எடத்துல எப்டிச் சொல்றது?"

"நாளைக்கு என் கழுத்துல ஏறினாலும் மரியாதைக்குத்தான் சும்மா இருப்பாரு."

அம்மா வாயைத் திறந்தாள். இன்னொரு சுற்று ஆரம்பிக்கப்போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். ஆனால் அவள் அக்காவை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாத்தீங்களா அத?"

"எத?"

"அந்தப் பூச்சிய."

அப்பா தோள் துண்டைச் சரிசெய்தார். "பாத்தேன். நாம எப்டி வாயத் தொறந்து சொல்றதுன்னு..."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அக்காதான் இறக்கி வைத்தாள். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்அறைக்குப் போனாள்.

"அண்ணாத்த, எங்க பொண்ணுக்கு இஷ்டமில்ல. சொல்லிடுங்க."

தரகர் திகைத்துப்போய், அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்த அப்பாவைப் பார்த்தார்.

"அங்க இன்னா பாக்குறீங்க?" என்றாள் அம்மா. "அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."