எர்மெலிந்தாவின் கையில் அபுந்தியோவின் சாவி

எங்கள் ஊர் சான் மெல்சோருக்கு ஏறும் மலைப்பாதையில் முந்நூற்றுப் பதினொரு வளைவுகள். எர்மெலிந்தாவுக்கு அத்தனையும் அத்துப்படி, ஆனால் ஓட்டிப் பழகியதால் அல்ல. பதினான்கு வருடம் கீழே வஹாக்கா டவுன் வேன் ஸ்டாண்டில் ஊர்ப் பெயரைக் கூவி ஆள் ஏற்றி, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்து வைத்தது. லைசென்ஸ் வாங்கி மூன்று வருடமாகியும் ஸ்டியரிங்கை யாரும் கொடுக்கவில்லை. மழை என்றார்கள், மூடுபனி என்றார்கள். சாக்குச் சொல்வதில் எங்கள் ஆண்களை மிஞ்ச ஆளே கிடையாது.

அந்த வருடம் ஊர்ப் பொது வேனை ஓட்டியவன் அமெரிக்காவுக்குப் போய்விட்டான். ஊர்க்கூட்டத்தில் எர்மெலிந்தா எழுந்து, "அந்த வேலைய எனக்குக் குடுங்க" என்றாள். பக்கத்து ஊரில் சொந்த வேன் ஓட்டும் அபுந்தியோவும் அதையே கேட்டிருந்தார். தலைவர் சிரிலோ தாடையைச் சொறிந்தார்.

"திருவிழாவுக்கு வெளியூர் பேண்டு வருது. பன்னெண்டு மணி பூசைக்குள்ள அவங்களக் கொண்டாந்து எறக்கு. அப்புறம் பேசிக்கலாம்."

"எறக்கிடுறேன்" என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தாள்.

திருவிழா அன்று பன்னிரண்டு வாத்தியக்காரர்கள் உள்ளே, பெரிய டிரம் கூரைமேல். எர்மெலிந்தா ஓட்ட, பாட்டும் கூத்துமாக ஏறிக்கொண்டிருந்த ஊர் வேன் ஒன்பதே முக்காலுக்கு நின்றது. மலை சரிந்து ரோட்டை மூடியிருந்தது. சேற்றுக்கு அந்தப் பக்கம், கீழே இறங்க வந்த அபுந்தியோவின் வேன்.

இப்படி ஆனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. இந்த வேன் ஆட்கள் சேற்றைத் தாண்டி அந்த வேனில் ஏறிக்கொள்வார்கள், அவர்கள் இதில். டிரைவர்கள் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். அப்படியானால் பேண்டைக் கொண்டுபோய் இறக்கும் பெருமை அபுந்தியோவுக்கு! எர்மெலிந்தா விடுவாளா? பெரிய டிரம்மைத் தலையில் தூக்கி, முழங்கால் சேற்றில் முதல் ஆளாக அக்கரை சேர்ந்தாள்.

"அண்ணே, ஆளுங்களோட வண்டியையும் மாத்திக்குவோம். ஊர் வேன நீங்க கீழ கொண்டு போங்க. நாளைக்குக் காலையில இதே எடத்துல உங்க வண்டி நிக்கும்."

"என் பல்லக் கேளு, கழட்டித் தர்றேன். சாவியக் கேக்காத தங்கச்சி."

பேண்டு மாஸ்டர் வில்ஃப்ரிதோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அபுந்தியோவின் வேன் படியில் காலை வைத்தவர், எடுத்துவிட்டார்.

"வாக்குக் குடுத்தது இந்தப் பொண்ணு. இவ ஓட்டுனா ஏறுறோம். இல்லன்னா திருவிழா இங்கதான். டேய், எடுங்கடா!"

டிரம்பெட் முழங்கியது. சந்தைக்குக் கிளம்பிய அபுந்தியோவின் பயணிகள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுச் சேற்றிலேயே ஆடத் தொடங்கினார்கள். "ஏறுங்க, நேரமாச்சு!" என்று அபுந்தியோ தொண்டை கிழியக் கத்தினார். யார் கேட்டார்கள்? மூன்றாவது பாட்டில் அவர் காலே தாளம் போட ஆரம்பித்துவிட்டது. வெட்கம் வந்து சாவியை நீட்டினார்.

"ரெண்டாவது கியரு மொரண்டு பிடிக்கும். அதட்டாத, பதமாப் போடு."

மிச்சம் எழுபது வளைவுகள். கண்ணாடிக்கு மேல் அபுந்தியோ தொங்கவிட்டிருந்த ஆறு புனிதர் படங்கள் ஆடின, கியர் பதமாக விழுந்தது, மூடுபனி விலகிப் பைன் மரங்கள் தெரிந்தன. எர்மெலிந்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள், ஒரு வளைவு விடாமல் ஹாரன் அடித்தாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கோயில் வாசல். அபுந்தியோவின் வேனைக் கண்ட சிரிலோ, "வாங்க அபுந்தியோ!" என்று கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். டிரைவர் கதவைத் திறந்து எர்மெலிந்தா இறங்கினாள், இடுப்புவரை சேறு தெறித்திருந்தது.

"நம்ம வேன் எங்கம்மா?"

"டவுனுக்குப் போயிட்டிருக்கு. அபுந்தியோ அண்ணன் ஓட்டுறாரு."

விரித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிரிலோ பையில் விட்டுக்கொண்டார். "பேண்டு வந்துருச்சு, சரி. வேலை யாருக்குன்னு கூட்டம் போட்டுத்தான்…"

"கூட்டத்த நீங்க மெதுவாப் போடுங்க" என்று ரொட்டிக்கூடையோடு வந்த பெத்ரோனிலா அவரை முழங்கையால் ஒதுக்கினாள். "ஏண்டி எர்மெலிந்தா, நாளைக்குச் சந்தைக்குப் போகணும். எத்தன மணிக்கு வந்து நிக்கட்டும்?"

எர்மெலிந்தா ஸ்டாண்டில் கூவுவதுபோலவே கூவினாள். பதினான்கு வருடம் பழகிய குரலாயிற்றே. கோயில் மணியையும் மீறிக் கேட்டது.

"அஞ்சரைக்கு, அக்கா!"