அடைப்புக்குறிக்குள் பிரான்ஸ்

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலில் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு வரும். கனடா, லண்டன், சுவிஸ், நோர்வே. லண்டன் ஒரு நாடு இல்லையே என்று இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை. வாசிக்கிறவர்கள் இறந்தவரின் படத்தைப் பார்க்க முதலே அந்த அடைப்புக்குறிகளைத்தான் எண்ணுவார்கள். அம்மா மட்டக்களப்பில் காலமானபோது அறிவித்தலை எழுதியவள் நான். கனடாவில், மோர்னிங்சைட்டில் எங்கள் அப்பார்ட்மென்ட் குசினி மேசையில் இருந்து, அழுதழுது எழுதினேன். அண்ணனுக்கு லண்டன் என்று போட்டேன். எனக்குக் கனடா. தம்பிக்குப் பிரான்ஸ்.

தம்பி அப்போது பிரான்ஸில் வாழவில்லை. பதின்மூன்று வருடமாக லண்டனில் அண்ணன் வீட்டு மேல் அறைதான் அவன் இருப்பிடம். இளம் வயதில் பிரான்ஸுக்கு அகதியாகப் போய், அந்த நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்தவன். அது கையில் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த நாட்டிலும் போய் வாழலாம் என்று இருந்த காலம். பிரித்தானியாவும் அப்போது ஒன்றியத்துக்குள்தான் இருந்தது. ஒரு பெட்டியோடு பாரிஸில் ரயிலேறி லண்டனில் இறங்கினான், ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அண்ணனின் கடையில் சாமான் அடுக்கினான், கல்லாவில் நின்றான், அண்ணனின் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போனான்.

பிரான்ஸ் என்று போடச் சொன்னது அண்ணன்தான். "ரெண்டு லண்டன் வந்தா வடிவா இராது தங்கச்சி. அவன்ட பாஸ்போட் பிரான்ஸ்தானே, பொய்யொண்டும் இல்லையே" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மூன்று பிள்ளைகள், மூன்று நாடு. பெருமை பிடித்த குடும்பம் எங்களுடையது, அதில் நானும் குறைந்தவள் இல்லை.

அதற்கு ஐந்து வருடம் முதல் பிரித்தானியாவில் வாக்கெடுப்பு நடந்தது. ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்பதுதான் கேள்வி. அண்ணன் பிரித்தானியக் குடிமகன், அவருக்கு வாக்கு இருந்தது. கடைக்குப் பகுதிநேர வேலைக்கு வந்த இலங்கை மாணவனுக்கும் வாக்கு இருந்தது, கொமன்வெல்த் எனும் பொதுநலவாய நாட்டுக்காரன் என்று. எட்டு வருடம் அங்கே வாழ்ந்த தம்பிக்கு இல்லை. அவனுடைய வாழ்க்கையை வைத்துத்தான் வாக்குக் கேட்டார்கள், அவனிடம் மட்டும் கேட்கவில்லை.

வெளியேறத்தான் வாக்களித்தேன் என்று அண்ணன் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"தம்பி உங்கட வீட்டிலதானே இரிக்கிறான் அண்ணன்?"

"அவனை ஆர் போகச் சொல்லப் போறா? ஐரோப்பாக்காரன் வாறது நிண்டாத்தான் எங்கட ஊர்ப் பிள்ளையளுக்கு விசா குடுப்பாங்கள். எங்கட சட்டத்தை நாங்களே போடலாம்."

"நாங்கள் எண்டா ஆர்?"

"உனக்கு என்னகா தெரியும், கனடாவில இருந்துகொண்டு" என்று வைத்துவிட்டார்.

பிரிந்துபோக ஆசைப்படுகிறவர்களைப் பரிகசிக்கும் தகுதி எனக்கு இல்லை. எங்கள் சட்டத்தை நாங்களே போடலாம் என்ற வசனத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், அதற்காக எங்கள் தெருவிலிருந்து போய்த் திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் ஒருவரும் வாக்குச்சீட்டை நீட்டி, இருக்கிறாயா போகிறாயா என்று கேட்டதில்லை. அதனால் அந்தச் சொல்லைக் கேட்டால் என் நெஞ்சில் இன்னும் ஏதோ எழும்பும். அண்ணனுக்கும் அதுதான் எழும்பியிருக்கும். ஆனால் அண்ணன் கேட்டு வளர்ந்தது எங்கள் ஊரின் கதை, வாக்குப் போட்டது வேறு நாட்டின் கதைக்கு.

நாடு வெளியேறியது. ஏற்கெனவே அங்கே வாழ்கிற ஐரோப்பியக் குடிமக்கள் ஒரு திகதிக்கு முதல் பதிந்துகொண்டால் தொடர்ந்து இருக்கலாம் என்றார்கள். தம்பி பதியவில்லை. சோம்பல் இல்லை. அகதியாய் வந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, கூப்பிடாமல் அரசாங்கக் கந்தோர் வாசலை மிதிக்க மாட்டோம். நித்திரையாய்க் கிடக்கிற பைலை நாங்களாகப் போய்த் தட்டி எழுப்புவதா என்று பயம். "கேட்டா அப்ப பாப்பம்" என்றார் அண்ணன். அதற்கிடையில் அம்மா படுக்கையில் விழுந்தார். அண்ணனுக்குக் கடை, எனக்கு முதியோர் இல்லச் சமையல் வேலை. தம்பிதான் போனான். கொரோனாவுக்குள் விமானம் நிற்க, அங்கேயே மாட்டுப்பட்டு, அம்மாவின் கடைசி மாதங்களைத் தனியே பார்த்தான். அவன் கொள்ளி வைத்துத் திரும்பியபோது திகதி தாண்டிவிட்டது.

பிறகும் இரண்டு வருடம் ஒருவரும் கேட்கவில்லை. அவன் வான் ஓட்டும் வேலை ஒன்றுக்குப் போனபோதுதான், இங்கே வேலை செய்ய உரிமை இருக்கிறதா, காட்டு என்றார்கள். அப்போதுதான் ஓடி விழுந்து விண்ணப்பம் போட்டான். பிந்தியதற்குக் காரணம் அம்மாவின் சாவு என்று எழுதி, ஆதாரமாக அறிவித்தலை மொழிபெயர்த்து இணைத்தான். பதில் வந்தது. நீங்கள் தந்த பத்திரத்திலேயே உங்கள் வசிப்பிடம் பிரான்ஸ் என்று இருக்கிறது, லண்டனில் வாழ்ந்ததற்கு ஆதாரம் இல்லை, ஆகவே மறுக்கிறோம்.

ஆதாரம் எங்கே இருக்கும்? வீடு அண்ணன் பெயரில். மின்சாரம், தண்ணீர், தொலைபேசி எல்லாம் அண்ணன் பெயரில். கடையில் சம்பளச் சீட்டுக்கூட இல்லை. அண்ணன் தம்பிக்குள் என்ன கடதாசி என்பது எங்கள் வீட்டில் பாசத்தின் அளவுகோல். கடதாசி கேட்டால் அவநம்பிக்கை என்று அர்த்தம். அந்தப் பாசத்தால் தம்பி லண்டனில் ஒரு இடத்திலும் இல்லை. அவன் இருந்ததாகச் சொல்லும் ஒரே ஒரு அச்சடித்த தாள் நான் எழுதியது, அது அவனைப் பிரான்ஸில் வைத்திருந்தது.

தம்பி எனக்குத் தொலைபேசி எடுத்தான். "அக்கா, நான் பாரிஸுக்கே திரும்பிப் போறன். அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. எண்டாலும் போறன், அண்ணனுக்குக் கரைச்சல் வேணாம்." ஐம்பது வயதுக்காரன், சின்னப் பிள்ளைபோல மூக்கை உறிஞ்சினான். எனக்கு என்மேல் வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. "ஒரு இடமும் போகாத. இந்தக் கையால எழுதினதை இந்தக் கையாலயே திருத்துறன்" என்றேன்.

மறுநாள் வேலை முடிய, சீருடையோடே, பக்கத்துப் பிளாசாவில் இருந்த நோட்டரியிடம் சத்தியக் கடிதம் எழுதப் போனேன். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும். நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துகொண்டு வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "அன்ரி, ஆர் யூ ஷுவர்? குடும்பப் பெருமைக்காகப் பிழையான நாட்டைப் போட்டன் எண்டு அப்படியே எழுதவா?"

"ஓம் பிள்ளை, அப்படியே எழுதுங்கோ."

என் கடிதம் மட்டும் போதாது, வீட்டுக்காரரும் முதலாளியுமான அண்ணனும் எழுதவேண்டும் என்று தம்பியின் மேன்முறையீட்டை எடுத்த லண்டன் வழக்கறிஞர் சொன்னார். அண்ணன் மாட்டேன் என்றார். சம்பளச் சீட்டு இல்லாமல் தம்பியை வைத்திருந்தேன் என்று அரசாங்கத்துக்கு எழுதினால் கடைக்கு என்ன வரும் என்று அவருக்குப் பயம். பயத்தில் நியாயம் இருந்தது. நான் விடவில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டரைக்கு வேலை முடியும், பஸ் தரிப்பில் நின்றுகொண்டே எடுப்பேன். லண்டனில் ஏழரை, கடையில் சனம் குறைகிற நேரம். முதல் கிழமை பேசினார். இரண்டாம் கிழமை எடுக்கவில்லை. பனி கொட்டிய ஒரு நாள், எடுத்தவுடனேயே சீறினார்.

"நாடு வெளியேறினது பிழை எண்டு என்ட வாயால சொல்ல வைக்கப் பாக்கிறாய், என்ன? போன வருசம் எங்கட ஊர்ப் பெட்டை ஒண்டு பராமரிப்பு வேலைக்கு விசா எடுத்து வந்தது. ஐரோப்பாக்காரன் நிறைஞ்சிருந்தா அவள் வந்திருப்பாளா?"

"வந்திருக்க மாட்டாள் அண்ணன். அவளுக்கு நல்லதுதான்."

அவர் எதிர்பார்க்கவில்லை. நான் உண்மையைத்தான் சொன்னேன். ஒரு நாடு ஒன்றியத்தைவிட்டுப் போவது மக்களுக்கு நல்லதா என்று இங்கேயும் கேட்கிறார்கள். மேற்கே ஒரு மாகாணம் கனடாவிலிருந்து பிரியலாமா என்று கதைக்கிறது, நான் வேலை செய்யும் சமையலறையிலும் சாப்பாட்டு நேரத்தில் அதே வாதம். மக்கள் என்று மொத்தமாகச் சொன்னால் எனக்குப் பதில் தெரியாது. அந்தப் பெட்டைக்கு நல்லது, என் தம்பிக்குக் கேடு. நல்லது என்று வாக்களித்தவர், கேட்டில் தன் பங்கையும் தூக்கவேண்டும். இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

"நாட்டை விடுங்க. தம்பி உங்கட மேல் அறையில இரிந்தானா, இல்லையா?" என்று கேட்டேன். "அதை மட்டும் எழுதுங்க."

தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு காத்து நின்றேன். பஸ் வந்தது, போகவிட்டேன். அடுத்ததையும் விட்டேன். கைவிரல் விறைத்துப்போனது. கடைசியில், "கடையில சனம் நிக்குது" என்று வைத்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து ஒரு கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினார். கையால் எழுதியது, ஆங்கிலம், ஒன்றரைப் பக்கம். தம்பி எந்த அறையில் இருந்தான், எந்தப் பிள்ளையை எந்த நாளில் பள்ளிக்குக் கூட்டிப்போனான், கடையில் எந்த மணியிலிருந்து எந்த மணிவரை நின்றான், ஏன் ஒரு கடதாசியும் இல்லை, அது யாருடைய பிழை, எல்லாம் இருந்தது. கீழே ஒரு வரியைத் தனியாக எழுதியிருந்தார். வெளியேறவேண்டும் என்று வாக்களித்தவன் நான், என் தம்பி வெளியேறவேண்டும் என்று வாக்களிக்கவில்லை.

பஸ்ஸுக்குள் இருந்து வாசித்தேன். பக்கத்தில் இருந்த மனிசி கடதாசிக் கைக்குட்டை தந்தார்.

அந்த வரி வழக்குக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாம் என்றார் வழக்கறிஞர். அண்ணன் எடுக்க விடவில்லை. தமிழ்ப் பள்ளியின் வரவுப் பதிவில் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போனவர் என்று தம்பி வருடக்கணக்காக வைத்த கையொப்பங்களையும் தேடி எடுத்துக் கொடுத்தார். கடைக்குத் தண்டம் வந்தது, கட்டினார். ஏழு மாதம் கழித்துத் தம்பிக்கு அனுமதி வந்தது. அண்ணன் இன்றைக்கும், நாடு வெளியேறினது நல்லதுக்குத்தான் என்கிறார். ஆனால் மின்சார பில் இப்போது தம்பி பெயரில் வருகிறது.

இந்த வருட நினைவஞ்சலியையும் நான்தான் எழுதினேன். அம்மாவின் படத்துக்குக் கீழே மூத்த மகன், லண்டன். மகள், கனடா. இளைய மகன், லண்டன். அனுப்பமுதல் அண்ணனிடம் கேட்டேன், வடிவாக இருக்கிறதா என்று. "போடுகா" என்றார்.

அது வெளிவந்த அன்று இங்கே பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் இருந்து சொந்தக்கார அன்ரி ஒருவர் எடுத்தார். துக்கம் விசாரிக்கிற குரலில் தொடங்கி, கேட்கவந்ததற்கு மெல்ல வந்தார்.

"ஏன் பிள்ளை, பிரான்ஸைக் காணேல்ல? அங்க இப்ப உங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"ஓம் அன்ரி, ஒருத்தரும் இல்லை" என்றேன். "பதினேழு வருசமா இல்லை."