டிரைவரிடம் பேச ஒரு ஆள்

கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைக் கெங்கம்மா அக்கா வாயால் கேட்க வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் ஓரம் தண்ணி லாரிக்குக் குடம் வரிசை போட்டிருக்கும் பெண்களிடம் கையை விரித்துச் சொல்வாள். "கடலு அப்டியே செவந்துக்கினு வரும்டி. மொதல்ல ஒரு கோடு. அப்பால பாதி வட்டம். அப்பால பொத்துனு மேல வந்து குந்தும் பாரு, ஒடம்பே சிலுத்துப் பூடும்." லாரி வந்தது தெரியாமல் நிற்பார்கள். அடுத்த வாரமே நாலு பேர் டூர் சீட்டில் சேர்ந்துவிடுவார்கள்.

அந்தச் சூரியனை அக்கா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் சவரிநாதன், ராயபுரம், வேன் டிரைவர். அக்காவின் டூருக்கெல்லாம் வண்டி ஓட்டிய பாவி நான்தான். அக்கா முதலில் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு இட்லி விற்றுக்கொண்டிருந்தவள். தொண்ணூறாம் வருடம் தெருப் பெண்களைச் சேர்த்து, வாரா வாரம் சின்னச் சின்னதாகத் துட்டு போட வைத்து, வருடக் கடைசியில் என் வேனில் வேளாங்கண்ணிக்கு இட்டுக்கொண்டு போனாள். அதுதான் டூர் சீட்டு. வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு என்று மூன்று மதத்தையும் ஒரே டீசலில் முடித்துவிடுவோம். டேஷ்போர்டில் மாதா, முருகர், தர்கா படம் மூன்றும் சண்டை சச்சரவில்லாமல் வந்தன. சண்டையெல்லாம் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குள்தான், அதுவும் ஜன்னல் சீட்டுக்கு.

ஊர் வந்து சேர்ந்ததும் எல்லாரும் குளிக்க, கும்பிட, வேடிக்கை பார்க்க ஓடிவிடுவார்கள். அக்கா வேனுக்குப் பின்னால் அடுப்பைப் பற்றவைப்பாள். கன்னியாகுமரியிலும் அதே கதைதான். கூட்டம் கரையில் நின்று "தோ வந்துச்சு, தோ வந்துச்சு" என்று கத்தும்போது அக்கா கரண்டியும் கையுமாக நிற்பாள். கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போ என்று ஒருமுறை சொன்னேன். "நீ கிண்டினா அத்த எவன் துன்றது?" என்றாள். இன்னொரு தடவை நான் கிண்டல் செய்தபோது, "உப்புமா அடி புடிக்கிற நேரமா பாத்து சூரியன் வந்தா நான் இன்னா பண்றது? கொஞ்சம் நில்லு நைனான்னு சொல்றதா?" என்று கேட்டாள்.

ஆனால் சமையல் சின்ன வேலை. பெரிய வேலை நான்தான்.

முதல் டூரில் விடியற்காலை எனக்குக் கண் சொக்கி, வேன் ரோட்டை விட்டு இறங்கி ஒருவருடைய கத்தரித் தோட்டத்தில் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கத்தரிக்காய்க்குத்தான் சேதம். அன்றிலிருந்து அக்கா என் பக்கத்தில், எஞ்சின் பெட்டிமேல், புடவையை நாலாக மடித்துப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். சூடு தாங்காது அந்த இடம். அங்கே உட்கார்ந்துகொண்டு ஊர் போய்ச் சேரும்வரை பேசுவாள். பெரும்பாலும் அவள் புருஷன் கிருஷ்ணப்பன் பர்மா பஜாரில் டேப் ரெக்கார்டர் வாங்கப் போய், அட்டைப் பெட்டிக்குள் செங்கல்லோடு திரும்பி வந்த கதை. ஒவ்வொரு டூருக்கும் செங்கல் பெரிதாகிக்கொண்டே போகும். என் இமை கொஞ்சம் இறங்கினால் போதும், தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழும். ரோட்டை நான் பார்ப்பேன், என் கண்ணை அக்கா பார்ப்பாள். இப்படித்தான் தமிழ்நாடு முழுக்கச் சுற்றினோம். வழியில் எந்த மலை, எந்த அணை என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. என் இடது கண்ணுக்குக் கீழே மச்சம் இருப்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் பிழைப்பு நாறிப்போனது. பையன்கள் கம்பெனி வேலைக்குப் போனார்கள். ஆளுக்கொரு செல்போன் வாங்கினார்கள். அம்மா அப்பாவை மட்டும் ஏற்றிக்கொண்டு வாடகை சுமோவில் தனித்தனியாகப் போய் வந்தார்கள். ஆம்னி பஸ்ஸில் சாய்கிற சீட், போர்வை, ஏசி, படம். வீல் மேலிருக்கும் சீட்டானாலும் பரவாயில்லை என்று என் வேனில் தொங்கிக்கொண்டு வந்த மகராசிகள் இப்போது, "வேனா? முதுகு பூடும் சவரி" என்று மூக்கைச் சுளித்தார்கள். வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. என்னோடு வண்டி ஓட்டிய தோஸ்துகள் எல்லாம் கால் சென்டருக்கு ஆள் ஏற்றப் போய்விட்டார்கள். "யக்கா, போதும், மூட்டை கட்டிடலாம்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

அக்கா கேட்கிற ஜென்மமா? ரெண்டாயிரத்து ஆறில் ஒரு நாள் என்னைத் திருவொற்றியூர் ஹைரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே சாபிரா என்ற பெண் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். ரயில் டிக்கெட், பரீட்சை ரிசல்ட், ஜாதகம் எல்லாம் அவள் கடையில்தான். புதுசாக வந்திருக்கும் விலை மலிந்த விமானங்களைப் பற்றி யாரோ அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். முன்கூட்டியே போட்டால் ஏசி ரயிலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சாபிரா கம்ப்யூட்டரில் காட்டினாள். ஹைதராபாத்துக்குப் பறந்து போய், சார்மினார் பார்த்துவிட்டு, ரயிலில் திரும்பலாம்.

அக்கா திரையை முறைத்துப் பார்த்தாள்.

"இதுல சமைக்கணுமா?"

"அடுப்பே பத்த வைக்கக் கூடாதுக்கா."

"வழியில எவளுக்காவது ஒண்ணுக்கு வந்தா?"

"உள்ளயே கீதுக்கா."

"பஞ்சர் கிஞ்சர்?"

"அதெல்லாம் இல்லக்கா."

"அப்ப எனுக்கு இன்னாதான் வேல?"

"ஒண்ணும் இல்ல. சும்மா குந்திக்கினு வரவேண்டியதுதான்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "சவரி, பதினாறு வருசமா ஊருக்கே எல்லாத்தயும் காட்டினேன். நான் ஒரு எழவயும் பாக்கல. ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, ஜன்னலாண்ட குந்திக்கினு நானும் பாக்கணும்டா."

தனக்கென்று அவள் எதையும் கேட்டதே இல்லை. உடனே டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். சவரிக்கும் சேர்த்துப் போடு என்று அக்கா சொன்னதும்தான் அலறினேன். ராயபுரம் மேம்பாலத்தில் நின்று கீழே பார்த்தாலே எனக்குக் கால் நடுங்கும். வேண்டாம் என்று மாதா மேல் சத்தியம் செய்து பார்த்தேன். "இத்தினி வருசம் ஓட்டினியே, ஒரு வாட்டி ஓட்டாம வா" என்றாள். மாதாவும் கைவிட்டாள்.

இருபது பெண்கள் சேர்ந்தார்கள். பாதிப் பேர் முதுகு வலிக்காரிகள். கிருஷ்ணப்பன் வரவில்லை. "மேல போனவ கீழ வர்ற வரைக்கும் வூட்டப் பாத்துக்க ஆளு வேணுமில்ல?" என்று சொல்லிப் பாயை விரித்துவிட்டார்.

மீனம்பாக்கத்துக்கு என் வேனில்தான் போனோம். வழக்கம்போலக் கற்பூரம் காட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். விமானத்துக்கென்று தனியாக ஒரு பழமும் ஒரு தேங்காயும் அக்கா பையில் வைத்திருந்தாள். சோதனை செய்கிற பெண் தேங்காயை எடுத்துத் தனியே வைத்துவிட்டாள். பழத்தைக் காட்டி, "இது எதுக்கும்மா?" என்றாள். "வண்டிக்கு" என்றாள் அக்கா. அந்தப் பெண் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். டயர்கிட்ட எப்படிப் போவது என்று அக்கா அவளிடமே விசாரிக்கத் தொடங்க, நான் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

உள்ளே ஏறியதும் ஜன்னலுக்கு அடிதடி ஆரம்பித்தது. அக்கா நேராகப் போய் ஒரு ஜன்னலைப் பிடித்தாள். "இது என்னுது. எவளாச்சும் கேட்டீங்க, பேஜாராயிடும்." கூட்டம் அடுத்த ஜன்னலுக்குத் தாவியது. நடுவில் நான், ஓரத்தில் காத்தூன் பீவி. எங்கள் எல்லா டூருக்கும் வந்து, எல்லா டூரிலும் வாந்தி எடுத்த அம்மாள். பெல்ட் சரிபார்க்க வந்த விமானப் பணிப்பெண்ணை அக்கா நிறுத்தினாள்.

"யம்மா, டிரைவராண்ட யாரு குந்திக்கினு பேசறது?"

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும், எங்கள் தமிழ்தான் தெரியவில்லை. பைலட் தூங்கிவிடாமல் பக்கத்தில் யார் பேசிக்கொண்டு வருவார்கள் என்று கேட்கிறார் என நான் எடுத்துச் சொன்னேன். "ரெண்டு பைலட் இருக்காங்க மேடம்" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அப்ப சரி. ஒருத்தன் சொக்கினா ஒருத்தன் கிள்ளுவான்" என்று அக்கா நிம்மதியானாள். எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்தாள். "நீ புடி. நான் பாக்கணும்."

விமானம் ஓட ஆரம்பித்தது. என் வேன் வாழ்நாளில் போகாத வேகம். மூக்கு மேலே தூக்கியதும் நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அந்தோணியார், செபஸ்தியார் என்று ஆரம்பித்து, தெரிந்த புனிதர்கள் தீர்ந்ததும் முருகரையும் கூப்பிட்டேன். அந்த நேரம் பார்த்து அக்கா காதருகே பர்மா பஜார் செங்கல் கதையை எடுத்தாள். பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். தொடையில் வேறு இரண்டு கிள்ளு. "யக்கா, ஜன்னல பாரேன், அதுக்குத்தானே வந்த!" என்று கண்ணைத் திறக்காமலே கத்தினேன். "பாத்துக்கினுதான் கீறேன், நீ கேளு" என்றாள். ஹைதராபாத் வருவதற்குள் செங்கல் அம்மிக்கல்லாகிவிட்டது. சக்கரம் தரையில் மோதியபோது கண்ணைத் திறந்தேன். எலுமிச்சம்பழம் என் கையில் கூழாகி, சட்டையெல்லாம் சாறு. "நசுங்கிடிச்சா? சகுனம் சரிதான்" என்றாள் அக்கா.

சார்மினார் பார்த்தோம், பிரியாணி தின்றோம், ரயிலேறி வந்து சேர்ந்தோம். மறுநாள் தண்ணி லாரி வரிசையில் அக்கா கையை விரித்தாள்.

"பஞ்சு மூட்டயப் பிரிச்சிக் கொட்டினாப்ல மேகம்டி. கீழ கடலு, நீலப் பொடவய ஒதறிக் காயப் போட்டாப்ல. நம்ம ஹார்பர் கப்பலுங்கோ அல்லாம் சோப்பு டப்பா கணக்கா கீது. மணலி பேக்டரி பொக மட்டும் மேலயிருந்து பாத்தாகூட கலீஜாத்தான்டி கீது."

லாரி வந்தது, யாரும் அசையவில்லை. கூட வந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஓர சீட்டில் காகிதப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு வந்த காத்தூன் பீவிகூட ஆட்டினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான்தான் கோழை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வந்தேன், அக்காவாவது பார்த்துவிட்டாளே என்று மனசு நிறைந்துபோனது.

அடுத்தது விசாகப்பட்டினம். போன தடவையைவிடக் கூட்டம் அதிகம். சாபிரா கடையில் டிக்கெட் போட உட்கார்ந்தோம்.

"ஏர்போர்ட் கவுண்டர்ல கேட்டு எனுக்கு ஜன்னல் வாங்கிடலாம், இவன மட்டும் வேற வரிசைக்குத் தள்ளிடணும்" என்றாள் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. "நான் இன்னா பண்ணேன் உன்ன?"

"நீ பக்கத்துல இருந்தா நான் எங்க பாக்கறது?"

"போன வாட்டி பாத்தியே?"

"எங்கடா பாத்தேன்?" அக்கா எரிந்து விழுந்தாள். "கெளம்பின ஒடனே நீ கண்ண மூடிக்கின. நீ கண்ண மூடினா வண்டியோட அல்லாரும் பூட்டோம்னு பதினாறு வருசப் பழக்கம். நீ ஓட்டலன்னு எனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா கழுத்து திரும்பலடா, சோமாரி. எறங்கற வரைக்கும் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு வந்தேன்."

"அப்ப மேகம், கப்பலு, அல்லாம்?"

"கன்னியாகுமரிய பாத்துட்டா சொன்னேன்?"

சாபிரா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சோமாரி என்று திட்டியதற்காக அல்ல.

"சாபிரா, பக்கத்துப் பக்கத்து சீட்டாவே கேட்டு வாங்கறேன்" என்றேன். "நான் கண்ண தொறந்து வச்சிக்கிறேன்."

விசாகப்பட்டினம் விமானம் கிளம்பியபோது எனக்கு வேர்த்துக் கொட்டியது. மூக்கு மேலே எழும்பியது, குடல் கீழேயே தங்கிவிட்டது. கண்ணை அகலத் திறந்து முன் சீட்டையே முறைத்துக்கொண்டிருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். நம்பிக்கையில்லாமல் ஒரு கிள்ளு கிள்ளினாள். "முழிச்சிக்கினுதான் கீறேன்கா, திரும்பு" என்றேன்.

திரும்பினாள். இறக்கை சாய்ந்து விமானம் கடல் மேல் வளைந்தது. அக்காவிடமிருந்து சத்தமே இல்லை. என்ன ஆனதோ என்று பயந்து, கண்ணைத் திறந்தபடியே மெல்லத் தலையைத் திருப்பினேன். ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"சவரி, இன்னாடா இது," என்றாள், "நான் சொன்னாப்லயேதான் கீது."

விசாகப்பட்டினத்தில் இறங்குகிற வரைக்கும் நான் கண்ணை மூடவே இல்லை.