ஆற்றில் குதித்த குர்பானிக் கிடா

எஸ்ஸெக்கிபோ ஆற்றின் நடுவே இருக்கிற எங்கள் லெகுவான் தீவில் ஷைரூனைத் தேடி வருகிறவர்கள் வீட்டு அடையாளம் கேட்பதில்லை. சிரிப்புச் சத்தம் வரும் திசையில் நடந்தால் போதும். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். என் பாதி ஆயுள் அந்தச் சிரிப்பைக் கேட்டே கழிந்திருக்கிறது. அடுத்த வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதுகூட அது இஞ்சினைத் தாண்டி வந்து காதில் விழும்.

சிரிப்பதற்கு அவளுக்கு அப்படி ஒன்றும் வாய்த்துவிடவில்லை. அப்பன் ஊரார் வயலில் நாற்று நட்டவர். வீடு நிறையப் பிள்ளைகள். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் அந்தப் பிள்ளைகள் எல்லாம் வாய்க்கால் பாலத்தில் வரிசையாக உட்கார்ந்து எந்த வீட்டிலிருந்து இறைச்சிப் பை வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும். குர்பானியாக அறுக்கிற ஆட்டில் ஒரு பங்கு ஏழைக்கு. அந்த ஏழை இவர்கள்தான். கட்டிக்கொண்ட கயூம் தங்கம் தோண்டக் காட்டுக்குள் போனான், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். "அவனும் சந்தோஷமா இருக்கான், நானும் சந்தோஷமா இருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தப்பதான் யாருமே சந்தோஷமா இல்ல" என்று அதற்கும் சிரிப்பாள். அப்புறம் வாணலி வாங்கினாள். வாழைக்காய் வறுவல் போட்டுத் தினமும் படகேறி அக்கரையில் பரிக்கா சந்தையில் விற்றாள். அவள் வறுவலைத் தின்றுவிட்டுக் கை துடைத்தால் சட்டையெல்லாம் மிளகாய் மணக்கும்.

அவளுக்கு ஐம்பது வயதை ஒட்டிய ஒரு வருஷம், பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வாய்க்காலின் அந்தக் கரையிலிருந்து கத்தினாள்.

"ஹைதர் பாய்! நாளைக்கு வேலை இருந்தா தள்ளிப் போடுங்க. கிடா பாக்கப் போறோம்!"

"யாருக்கு கிடா?"

"எனக்குத்தான்! இந்த வருஷம் நான் குர்பானி குடுக்கப் போறேன். சின்னதுல இருந்து பெருநாளன்னைக்கு என் கதவைத்தான் எல்லாரும் தட்டியிருக்காங்க. ஒரு தடவையாவது நான் போய் ஒரு கதவைத் தட்டணும் பாய்."

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் என் வாத்துகள் எல்லாம் தண்ணீரில் குதித்தன.

பரிக்காவுக்கு உள்ளே தள்ளி ஜெய்காரனின் பட்டி. பரம்பரையாக மாடும் ஆடும் வளர்க்கிற இந்துக் குடும்பம். எங்கள் ஆட்களுக்கு என்ன மாதிரி கிடா வேண்டும் என்பது எங்கள் இமாமுக்கு அடுத்தபடி அவனுக்குத்தான் தெரியும். ஷைரூன் ஒவ்வொரு கிடாவாக வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாள். காதைத் தடவிக் கிழிசல் உண்டா என்று பார்த்தாள். கண்ணுக்கு நேரே விரலை ஆட்டினாள். வெயில் உச்சிக்கு வந்தும் அவள் விடவில்லை.

"அக்கா, கயூமைப் பாக்கும்போது இவ்வளவு பாத்தீங்களா?" என்றான் ஜெய்காரன்.

"பாத்திருந்தா இன்னைக்கு உன் பட்டியில நான் ஏன்டா நிக்கிறேன்? ஆமா, அந்த மூலையில முறைச்சிக்கிட்டு நிக்குதே, அதைக் கொண்டா."

கொண்டுவந்தான். பழுப்பு நிறம், கழுத்தில் வெள்ளைப் பட்டை, இரண்டு சுற்றுக் கொம்பு. அது ஷைரூனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவள் பையிலிருந்த வறுவல் பொட்டலத்தை இழுத்துக் காகிதத்தோடு தின்றது.

"இதுதான்" என்றாள் ஷைரூன். "ரசனை உள்ள கிடா."

படகுத்துறையில் படகோட்டி காம்ப்டன் எங்களைத் தடுத்தான். அவனுடைய படகில் லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரும் ஏற முடியாது, சொந்தத் தாயாக இருந்தாலும் சரி.

"நாங்க போட்டுட்டோம்ல, கிளப்பு" என்றேன்.

"அவரு போடலியே" என்று கிடாவைக் காட்டினான்.

"காம்ப்டன், அது ஆடு!"

"சீட்டுல உக்காந்தா பயணி. என் படகுல ஒரு சட்டம்தான்."

துறையில் நின்றவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். முன்காலை ஒருவர் பிடிக்க, வாரை ஒருவர் இழுக்க, ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு கிடா மாப்பிள்ளை மாதிரி ஷைரூனுக்கும் எனக்கும் நடுவே உட்கார்ந்தது. எதிரே இருந்த பள்ளிக்கூட டீச்சரம்மா தன் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

லெகுவான் கரை தெரிகிற வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்போது பக்கத்தில் வந்த பெரிய கப்பல் சங்கை ஊதியது. ஊதிய வேகத்தில் கிடா எழுந்தது, என் மடியில் ஒரு குளம்பை ஊன்றியது, எஸ்ஸெக்கிபோ ஆற்றில் பாய்ந்தது.

"என் குர்பானி!" என்றொரு கூச்சல். அடுத்து இன்னொரு தொப்பென்ற சத்தம். ஷைரூனும் தண்ணீரில்.

காம்ப்டன் படகைத் திருப்பினான். நாங்கள் பார்த்தது இதுதான்: பழுப்புத் தண்ணீரில் இரண்டு ஆரஞ்சுச் சட்டைகள். முன்னால் போன சட்டை தலையைத் தூக்கிக்கொண்டு கரையை நோக்கி நீந்துகிறது. பின்னால் போன சட்டை அதன் வாரைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாடா! மெதுவாடா ராஜா!" என்று கத்திக்கொண்டு இழுபடுகிறது. கத்தலுக்கு நடுவே சிரிப்பு வேறு. வாயில் தண்ணீர் போகப் போகச் சிரிக்கிறாள். படகில் நாங்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து சிரித்ததில் படகே கவிழ்ந்துவிடும் போலிருந்தது. மதகுக்குப் பக்கத்தில் கண்டல் மரங்கள் நிற்கிற சேற்றில் இருவரும் கரையேறினார்கள். அவள் கிடாவைக் காப்பாற்றினாளா, கிடா அவளைக் காப்பாற்றியதா என்று இன்றைக்கும் டீக்கடையில் சண்டை நடக்கிறது.

சிரிப்பு வீடு வரை வந்து நின்றுவிட்டது. கிடா முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. மூன்று காலில் தத்தியது.

நொண்டி ஆடு குர்பானிக்கு ஆகாது. அறுக்கிற இடம் வரைக்குமாவது தானே நடந்து போக வேண்டும். இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். சேறு காயாத உடையோடு ஷைரூன் கிடாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் சத்தம் கேட்கவில்லை என்றதும் ஊரே பயந்துபோய் வந்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து இமாம் யாக்கூப் வந்தார். மளிகைக் கடை நஜீமாவும் வந்தாள். ஷைரூன் வீட்டுக்கு வருஷம் தவறாமல் இறைச்சி அனுப்புகிறவள். மனசு நல்லது, நாக்குதான் மிளகாய்.

இமாம் கிடாவை நடத்திப் பார்த்தார். அது காலைத் தூக்கிக்கொண்டு அவரையே பார்த்தது.

"ஷைரூன், ஒண்ணு கேக்கிறேன், மறைக்காம சொல்லு" என்றார். "குர்பானி உன்மேல கடமையா? அந்த அளவுக்கு உன்கிட்ட சொத்து, நகை ஏதாவது இருக்கா?"

"ஏன் கேக்குறீங்க?"

"கடமையானவங்க வாங்கின ஆடு ஊனமாப் போச்சுன்னா வேற ஆடு வாங்கணும். ஏழை, கடமையே இல்லாம பிரியப்பட்டு வாங்கினதுன்னா, அந்த ஆடே போதும். அதை அறுத்தா ஏத்துக்கப்படும்."

ஷைரூன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்த எனக்கு அவள் தவிப்பு புரிந்தது. ஏழை என்ற பேரைக் கழற்றிப் போடத்தானே இந்தக் கிடாவை வாங்கினாள்! அந்தப் பேரை இப்போது ஊர் நடுவே தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

"சொல்லேன்டி" என்றாள் நஜீமா. "இத்தனை வருஷமா நாங்க சொன்னோம். நீ ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன வெக்கம்?"

"சும்மா இரு நஜீமா" என்றார் இமாம். ஷைரூன் பக்கம் திரும்பினார். "இங்க பாரும்மா. கறி மேல போறதில்ல, ரத்தமும் மேல போறதில்ல. கறி நம்ம சட்டிக்கு, ரத்தம் மண்ணுக்கு. உள்ள என்ன வெச்சிருக்கியோ அதுதான் அல்லாஹ்கிட்ட போகுது. இப்ராஹிம் நபி மகனை விட எதைப் பெருசா வெச்சிருந்தாரு? அந்த மகனையே பலி குடுக்கக் கொண்டு போய் வெச்சாரு. அவன் மகனையா எடுத்துக்கிட்டான்? திருப்பிக் குடுத்துட்டு ஒரு கிடாவை அனுப்பினான். நீயும் உனக்கு எது பெருசோ அதை வெச்சுப் பாரேன்."

ஷைரூன் கிடாவைப் பார்த்தாள். தன் சேறு பிடித்த கைகளைப் பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தோம். வந்தது சிரிப்பு. முதலில் மூக்கு வழியாக, அப்புறம் வயிறு குலுங்கி.

"நான் ஏழை இமாம்! இந்தத் தீவுலேயே பெரிய ஏழை நான்தான்! நல்லாக் கேட்டுக்கோங்க எல்லாரும், ஷைரூன் ஏழை!" என்று இரண்டு கையையும் மேலே தூக்கிக் குதித்தாள்.

அந்தக் குதிப்பில் கிடா வெருண்டது. உதறிய காலிலிருந்து கல் மாதிரி இறுகிய ஒரு களிமண் கட்டி, நடுவே கண்டல் வேர்த்துண்டோடு, இமாமின் காலடியில் போய் விழுந்தது. குளம்புப் பிளவில் அது மாட்டியிருந்திருக்கிறது. நாலு காலும் கிடைத்த கிடா எங்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தது.

"பிடிங்க! பிடிங்க!"

வாய்க்காலைத் தாண்டியது. என் தக்காளிப் பாத்திக்குள் புகுந்து வெளியே வந்தது. நஜீமாவின் கொல்லைக்குள் போய்த் திரும்பியபோது கொம்பில் ஒரு பச்சை நிற ஒட்னி பறந்தது, தலையில் போடுகிற துப்பட்டா, சரிகை வைத்தது, மறுநாள் பெருநாளுக்காகத் துவைத்துக் காயப் போட்டது.

"என் ஒட்னி! ஷைரூன், உன் ஆட்டுக்கு ஒட்னி கேக்குதா?"

"பெருநாளுக்கு அதுக்கும் புதுசு வேணும்ல!" என்று கத்தினாள் ஷைரூன். ஓட முடியாமல் பாலத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "இமாம்! கால் நல்லாயிருச்சே, இப்ப நான் ஏழையா பணக்காரியா?"

தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கிடாவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த இமாம் திரும்பிப் பாராமல் சொன்னார்: "முதல்ல பிடிப்போம்மா! அப்புறம் முடிவு பண்ணலாம்!"

பொழுது சாய்ந்து, மஃரிப் பாங்குக்குச் சற்று முன்னால் பிடித்தோம். பிடித்தோம் என்ன, களைத்துப்போய் அதுவாகவே வந்து ஷைரூன் பக்கத்தில் படுத்தது.

மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்து எல்லாரும் பள்ளிவாசல் பின்பக்கம் கூடினோம். ஷைரூன் கிடாவுக்குத் தன் கையால் தண்ணீர் காட்டினாள். அது நிதானமாகக் குடித்தது. கத்தியை அதன் கண்ணில் படாமல் இமாம் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். கிழக்கே, தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கி அதை இடப்பக்கமாகச் சாய்த்தோம். இமாம் ஷைரூனின் பேரையும் அவள் அப்பன் பேரையும் கேட்டார். சொன்னாள். குரல் சன்னமாக இருந்தது. அவள் கை கிடாவின் கழுத்து வெள்ளைப் பட்டையின்மேல் இருந்தது. நேற்று ஆற்றில் அவளை இழுத்து வந்த கழுத்து. "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று இமாம் சொன்னதும் அவளும் சொன்னாள். கை விலகியது. ஷைரூன் அழுதுகொண்டிருந்தாள். அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இவ்வளவு லேசா இருக்குமா பாய்?" என்று என்னிடம் கேட்டாள். "ஆத்துல மிதந்தப்ப இருந்த மாதிரி இருக்கு."

கறியை ஏழைக்கு, உற்றாருக்கு, அவளுக்கு என்று மூன்று கூறாகப் பிரித்தோம். அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. சைக்கிளின் முன்னாலும் பின்னாலும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, மணியை அடித்துக்கொண்டு தீவைச் சுற்றினாள். திறந்து கிடக்கிற கதவைக்கூட இழுத்துச் சாத்திவிட்டுத் தட்டினாள். உள்ளே இருப்பவர்கள் வந்து திறந்தால், "யாருன்னு கேளுங்க!" என்பாள். "யாரு?" என்றால், "குர்பானி குடுத்த ஷைரூன்!" என்பாள். நஜீமா வீட்டில் மட்டும் இரண்டு தடவை தட்டினாளாம். முதல் தடவை கறிக்கு, இரண்டாவது தடவை, "சும்மா, தட்டிப் பாத்தேன்." நஜீமா துடைப்பத்தோடு துரத்தினாள், ஆனால் சேமியா ஒரு கிண்ணம் கொடுத்துத்தான் அனுப்பினாள். காம்ப்டனுக்கு ஒரு பை படகிலேயே போய்ச் சேர்ந்தது. ஜெய்காரனுக்கான பையைக் காம்ப்டன் அக்கரைக்குக் கொண்டுபோனான்.

தன் கூறையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வெறும் சைக்கிளோடு அவள் திரும்பியபோது, அவள் வீட்டு வாசல்படி முழுக்கப் பைகள். ஊரில் குர்பானி கொடுத்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வழக்கம்போல ஷைரூனுக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்று அவளே ஊர் நடுவே ஏழை என்று அறிவித்ததால் இந்த முறை பைகள் பெரிதாகவே இருந்தன. அவளிடம் குளிர்பெட்டி கிடையாது.

பைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். நானும்தான்.

"ஹைதர் பாய், உங்க வீட்டுப் பெரிய சட்டி எங்க?"

வாய்க்கால் கரையிலேயே அடுப்பு மூட்டினோம். வறுவல் வாணலியில் மசாலா தாளித்தாள். நஜீமா ரொட்டி சுட்டாள், ஒட்னியைப் பற்றித் திட்டிக்கொண்டே. இமாம் வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்கினார். சாயங்காலப் படகில் காம்ப்டன் பயணிகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான், டீச்சரம்மா உட்பட. வந்தவர்கள் யார், எந்த மதம், எந்தக் கரை என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் ஷைரூனால் சில தடவை குர்பானி கொடுக்க முடிந்தது, சில தடவை முடியவில்லை. முடியாத வருஷம் அவள் முகம் வாடி நான் பார்த்ததில்லை. கிடா இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெருநாளன்று மத்தியானம் ஊர் அவள் வாசலில்தான் சாப்பிடுகிறது. இப்போது முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளை விட்டுவிட்டாள். என் டிராக்டரில் ஏறிக்கொள்கிறாள். போன பெருநாளன்று முழுத்தீவையும் சுற்றிவிட்டு இறங்கும்போது சொன்னாள்: "பாய், இஞ்சினுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடுங்க. இது போடுற சத்தத்துல நான் வர்றது ஊருக்கே முன்னாடி தெரிஞ்சிடுது, நான் போறதுக்குள்ள கதவைத் திறந்து வெச்சிடுறாங்க!"