மூரியல் ஹாவொர்த்தின் கல்யாணம்

மூரியலும் நானும் ஒரே ஆண்டில்தான் லண்டன் வெளியுறவு அலுவலகத்தில் அதிகாரிகளாகச் சேர்ந்தோம். அவள் பிரெஸ்டன் ஊர் பஸ் கண்டக்டரின் மகள். அரபு மொழியில் கெட்டிக்காரி. அந்நாளில் எங்களுக்கென்று ஒரு விதி இருந்தது. பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும். ஆண்களுக்கு அப்படி எதுவும் கிடையாது.

நான் கல்யாணம் செய்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். மூரியல் எட்வின் பார்லோ என்ற பள்ளி ஆசிரியரைக் காதலித்தாள். ஆனால் வேலையை விட அவளுக்கு மனமில்லை. விதிவிலக்குக் கேட்டு மேலதிகாரி பெல்லிங்கிடம் போனாள்.

"கல்யாணம் ஆயிட்டா உங்க மனசு வேலைல நிக்காது, மிஸ் ஹாவொர்த்" என்றார் அவர்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சில்ல சார்? உங்க மனசு இப்ப எங்க நிக்குது?"

 பெல்லிங் விலக்குத் தரவில்லை. காத்திருப்பதாக எட்வின் சொன்னான். முடிவே தெரியாத காத்திருப்பு வேண்டாம் என்று அவளே அவனை அனுப்பிவிட்டாள். கெய்ரோ, அங்காரா, அம்மான் என்று ஊர் ஊராகத் தூதரக வேலைக்குத் தனியாகவே போனாள். விருந்துகளில் அவளை யாருடைய மனைவி என்று விசாரித்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அந்த விதியை நீக்கினார்கள். ஏதோ ஜன்னல் திரையை மாற்றியதுபோல ஒரு சாதாரண அறிவிப்பு, அவ்வளவுதான். எட்வினுக்கு அதற்குள் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

மூரியல் தூதரானாள். ஓய்வுபெற்ற பின் பட்டம் கொடுத்துப் பிரபுக்கள் சபையில் உட்கார வைத்தார்கள். அங்கே ஒருநாள் பழைய அதிகாரி ஒருவர், அந்தக் கல்யாண விதி அந்தக் காலத்து வழக்கம், அதற்காக இப்போது யாரும் கோபப்பட வேண்டியதில்லை என்று பேசினார். மேலே பார்வையாளர் இடத்தில் இருந்த எனக்கே உடம்பு கொதித்தது. மூரியல் எழுந்தாள்.

"வழக்கம் வானத்துலேர்ந்து விழல. ஒருத்தர் எழுதினாரு, ஒருத்தர் கையெழுத்துப் போட்டாரு. போட்டுட்டு ரெண்டு பேரும் பொண்டாட்டி சமைச்சதைச் சாப்பிட வீட்டுக்குப் போனாங்க. எங்ககிட்ட இன்னிவரைக்கும் யாரும் மன்னிப்புக் கேக்கல."

சிலர் தலையாட்டினார்கள். சபை அடுத்ததாக ஆற்று மீன்பிடிப்பு பற்றிப் பேசப் போய்விட்டது.

வெளியே வந்தவளிடம், எட்வினைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று கேட்டேன்.

"அவன் பேரைக் கேக்கற யோக்கியதை அவங்களுக்குக் கிடையாது, நோரா" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.